எதுவரைக்கும் கர்த்தாவே? துன்பக் காலத்தில் விசுவாசம் காக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் பரப்பி நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று. ஞானஸ்நானம் பெற்றபின் வந்த முதல் ஆண்டு முடிவில் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். மார்ச் மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

அந்த வாரம் இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். உறவினர் ஒருவர், "குலதெய்வத்தை விட்டுப் போனாய் அல்லவா, இதோ பலன்" என்றார். சபையில் ஒருவர், "உன் விசுவாசம் போதவில்லை, தம்பி. இன்னும் உறுதியாகப் பிடித்து ஜெபி" என்றார். ஒருவரையொருவர் சந்தித்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் இருவரும் என்மீது எழுதிய கணக்கு ஒன்றுதான்: உன் அப்பா விழுந்ததற்குக் காரணம் நீ.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் பலர் தங்கள் முதல் பெரிய துன்பத்தில் இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நசுங்குவதைப் பார்த்திருக்கிறேன். வேலை போகிறது, கரு கலைகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் ஒருவர் படுத்துவிடுகிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறப்பதில்லை. திறக்காத வாயைப் பார்த்து, "என் விசுவாசம் செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போதகர் அல்ல. பதினொரு மாதம் அப்பாவின் கட்டிலருகே இருந்தபோது மூத்தவர்களிடம் கற்றதையும், பிறகு பிறரோடு உட்கார்ந்தபோது உதவியதையும் வரிசைப்படுத்திச் சொல்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். எனவே 'சங்கீதம்', 'கர்த்தர்' என்றுதான் எனக்கு வரும். கத்தோலிக்க நண்பர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இதே பாடல்களைத் 'திருப்பாடல்கள்' என்ற பெயரில், இதே எண்களில் காணலாம்.

முதலில், அந்தக் கணக்கை மூடுங்கள்

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்ற கேள்வியோடு ஜெபத்தைத் தொடங்காதீர்கள். மனச்சாட்சி குத்தும் செயல் ஏதாவது இருந்தால் அதை அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். அது ஐந்து நிமிட வேலை. அதற்குமேல் தோண்ட வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி, "இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு சொன்னார். யோவான் 9ஆம் அதிகாரம். துன்பம் வந்த வாரத்திலேயே அதைத் திறந்து படித்துவிடுங்கள். நாலு பேர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.

யோபுவின் புத்தகம் 42 அதிகாரம். புதியவர்கள் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிக்க முயன்று நடுவில் திணறுவார்கள். முதல் மூன்று அதிகாரங்களையும் கடைசி ஐந்தையும் மட்டும் இப்போது படியுங்கள். இடையில் யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். முடிவில் கர்த்தர் யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல்" நீங்கள் பேசவில்லை என்று அந்த நண்பர்களிடம்தான் சொல்கிறார். கத்தியவன் பக்கம் அவர் நின்றார். விளக்கம் சொன்னவர்கள் தங்களுக்காக யோபுவை வேண்டிக்கொள்ளச் சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

இந்தக் கதைக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை என்பவர் ஆடுமாடுகளையும் சொத்தையும் இழந்து மனம் ஒடிந்திருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசரிடமே படைத்தலைவராக இருந்த டச்சுக்காரர் டி லனாய், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். என்னை இது மிகவும் பாதித்தது. "எங்கள் சாமியிடம் வா, மாடு திரும்பி வரும்" என்று அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒரு நல்லவனின் கதையைச் சொன்னார். நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 'கடவுள் துணை' என்று பொருள்படும் பெயர். அதன்பின் அவர் வாழ்க்கை எளிதாகவில்லை. 1749இல் கைது, மூன்று ஆண்டு சித்திரவதை, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் துப்பாக்கிச் சூடு. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துன்பம் வந்தால் துணை போய்விட்டது என்ற கணக்கை அவர் பெயரே மறுத்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிடுங்கள், தூங்குங்கள்

எலியா பெரிய தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்தவர். அடுத்த அதிகாரத்திலேயே (1 இராஜாக்கள் 19) ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். மறுபடி தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் தூதன். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் பத்து நாள் ஆவிக்குரிய சாதனை எதையும் முயலாதீர்கள். மூன்று வேளையும் ஏதாவது சாப்பிடுங்கள். இரவுக் காவலுக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்து ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். "நாற்பது நாள் உபவாசம் இரு" என்று இப்போது ஒருவர் சொன்னால், பிறகு பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உடைந்திருக்கும் உடலைப் பட்டினி போட்டால் பயம்தான் பெருகும்.

எலியாவைப் போல, செத்தால் தேவலை என்ற நினைவு உங்களுக்கும் வந்தால் வெட்கப்படாமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்பவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள்தான்.

முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியை மட்டுமாவது கைக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது இதுதான்.

அப்பா விழுந்த மூன்றாவது வாரம் எங்கள் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் 'டீச்சரம்மா'. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெபிக்கிறாயா?" என்று கேட்டார். "முடியவில்லை அம்மா. வாயைத் திறந்தால் கோபம்தான் வருகிறது" என்றேன். "அதையே சொல்லேன்" என்றார். பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து 13ஆம் சங்கீதத்தைக் காட்டினார்.

ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்ற சொல் நான்கு முறை வருகிறது. பரிசுத்த வேதாகமத்துக்குள் இப்படி ஒரு வரி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட புலம்பல்களே என்று டீச்சரம்மா சொன்னார். ஞாயிறு பாட்டுகளில் நாம் அவற்றை எடுப்பது குறைவு. அதனால் புதியவர்களுக்கு அவை இருப்பதே தெரியாமல் போகிறது.

முணுமுணுப்பு வேறு, முறையீடு வேறு. முணுமுணுக்கிறவன் கடவுளைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறான். முறையிடுகிறவன் கடவுளிடமே பேசுகிறான். 'முறை' என்றால் நீதி. நீதி செய்ய வேண்டியவர் இன்னார் என்று தெரிந்து, அவர் வாசலுக்குப் போய் நிற்பதுதான் முறையிடுதல். கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை ஆட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அரசன் நீதிமான் என்று நம்பாவிட்டால் அந்த மணியை ஏன் ஆட்ட வேண்டும்? நம் தமிழ் பக்தி மரபிலும் அடியார்கள் இறைவனோடு உரிமையோடு சண்டையிட்டிருக்கிறார்கள். அப்படிச் சண்டையிட்டதால் அவர்களை நாத்திகர் என்று யாரும் சொன்னதில்லை.

செய்முறை இது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அதன் நடையைப் பின்பற்றி உங்கள் சங்கீதத்தை எழுதுங்கள். அது நான்கு அசைவாகப் போகும்.

முதலாவது, விளிப்பு. 'கர்த்தாவே', 'அப்பா', 'ஆண்டவரே' என்று உங்களுக்கு வரும் சொல்லால் கூப்பிடுங்கள். இது ஒரே சொல்தான் என்றாலும் விட்டுவிடாதீர்கள். புலம்பல் ஜெபமாவது இந்தச் சொல்லினால்தான்.

இரண்டாவது, குறை. நடந்ததை அப்படியே எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். "சோதனைகளினூடே கடந்து செல்கிறேன்" என்று எழுதாதீர்கள். "எத்தனை நாள் இந்த வராந்தாவில் படுப்பேன்? அப்பா என் பெயரைச் சொல்ல வாயைக் கோணுகிறார், வருவதில்லை. நேற்று அவருடைய மோதிரத்தை அடகு வைத்தேன். நீர் எங்கே இருந்தீர்?" நான் அன்று எழுதியது இதுதான். கடைசிக் கேள்வியை எழுதும்போது கை நடுங்கியது. எழுதி முடித்தபின் இடி ஒன்றும் விழவில்லை. அன்றிரவு, மூன்று வாரத்தில் முதல்முறையாக அழுதேன்.

மூன்றாவது, கேட்பது. சங்கீதக்காரன் மூன்றாம் வசனத்தில், "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று குறிப்பாகக் கேட்கிறான். நீங்களும் குறிப்பாகக் கேளுங்கள். "எல்லாவற்றையும் நன்மையாக முடித்தருளும்" என்பது பாதுகாப்பான ஜெபம். நடக்காவிட்டால் வலிக்காது என்பதற்காகவே நாம் அப்படி ஜெபிக்கிறோம். "வெள்ளிக்கிழமை ஸ்கேன் நல்லபடியாக வர வேண்டும்", "இந்த மாத வட்டிக்கு வழி வேண்டும்" என்று எழுதுங்கள். தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் நேராகக் கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. ஆனாலும் கேட்டது தவறு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நான்காவது, திரும்புதல். ஐந்தாம் வசனம், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறது. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதப்படவில்லை. எதிரி போகவில்லை, நோய் தீரவில்லை. ஆனாலும் குரல் மாறுகிறது. உங்களுக்கு அன்றே மாறும் என்று நான் சொல்லமாட்டேன். மாறாவிட்டால் உங்கள் வாக்கியத்தை எழுத வேண்டாம். சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தை மட்டும் நோட்டில் பார்த்தெழுதி மூடி வையுங்கள். பொய்யாக மகிழ்ச்சி எழுதுவதைவிட, இன்னொருவரின் நம்பிக்கையைக் கடனாக எடுத்து எழுதுவது நேர்மையானது.

ஒரு பக்கம் கூட எழுத வராத அளவுக்கு மனம் சிதறிக் கிடந்தால் இன்னொரு வழி உண்டு. எருசலேம் அழிந்தபின் பிறந்த புலம்பல் புத்தகத்தில் ஐந்து அதிகாரங்கள். அவற்றில் முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகக் கொண்டு அமைந்தவை. நகரமே சாம்பலாகிக் கிடக்கும்போது ஒருவர் உட்கார்ந்து எழுத்து வரிசையில் அழுதிருக்கிறார். எல்லையில்லாத துக்கத்துக்கு அது ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் கொடுத்தது. தமிழில் நமக்கு அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகள் இருக்கின்றன. எழுத்துக்கு ஒரு வரி. அ, 'அப்பாவின் வலது கை குளிர்ந்திருக்கிறது'. ஆ, 'ஆஸ்பத்திரி மணம் என் சட்டையில் போகவில்லை'. இ, 'இரவு நர்ஸ் பெயர் கேட்க மறந்தேன்'. எனக்கு ஔவில் 'ஔடதம்' என்ற சொல்தான் கிடைத்தது. மருந்து. அதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிறிய ஒழுங்கு

மனம் சரியாக இருக்கும்போது ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் மாதக்கணக்கில் போய்விடும். நேரத்தை முதலில் கட்டுங்கள், மனம் பிறகு வரட்டும். காலையில் ஐந்து நிமிடம், ஒரே ஒரு சங்கீதம், வாய்விட்டு. கண்ணால் மட்டும் படித்தால் கவலை குறுக்கே ஓடும். தொடங்குவதற்கு 13, 42, 77, 130, 121, 27, 23 என்ற வரிசையை நான் தருவேன். ஏழு நாளுக்கு ஏழு. அடுத்த வாரமும் அவையே. புதிது புதிதாகத் தேட வேண்டாம். பழகிய பாதையில்தான் இருட்டில் நடக்க முடியும். எல்லோருக்கும் தெரிந்த 23ஐக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற ஆறையும் சொல்லிவிட்டு வரும்போது 'மரண இருளின் பள்ளத்தாக்கு' என்ற சொல் வேறுமாதிரி கேட்கும் என்பதே.

பகலில் மருந்துக் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் சொல்ல ஒரு சிறு ஜெபத்தை வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற மகனின் தகப்பன் இயேசுவிடம் சொன்னதே போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அரைகுறை விசுவாசத்தோடு வந்த அந்த மனிதரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. இரவில், அன்று கிடைத்த ஓர் உதவியைத் தேதியோடு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். யார் டீ வாங்கித் தந்தது, எந்த ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை. நம் ஊர்களில் வீட்டு வாசலில் 'எபெனேசர்' என்று பெயர் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'உதவியின் கல்' என்று பொருள். "இம்மட்டும்" கர்த்தர் உதவி செய்தார் என்று சாமுவேல் நட்ட கல். இனி என்ன ஆகும் என்று அந்தக் கல் எதுவும் சொல்லவில்லை. உங்கள் நோட்டின் பின்பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

ஒருநாள் விட்டுப்போனால் சேர்த்துப் படிக்காதீர்கள். அன்றைய நாளின் சங்கீதத்தைப் படியுங்கள்.

கட்டிலைத் தூக்க நான்கு பேர்

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டம் விடவில்லை. வீட்டுக் கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவர்கள் விசுவாசம். கட்டிலில் கிடந்தவன் விசுவாசித்தானா என்று தனியாக யாரும் கேட்கவில்லை. பக்கவாதக்காரரின் மகனாக நான் அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன்!

உங்களுக்கு நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். சபை முழுவதற்கும் அறிவிப்பதற்கு முன் இவர்களைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் பேசுகிறவரை விட்டுவிட்டு, ஒருமுறையாவது துன்பப்பட்டு மீண்டவரைத் தேடுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இந்த மாதம் என்னால் ஜெபிக்க முடியாது. எனக்குப் பதிலாக நீங்கள் ஜெபியுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் வந்து உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். டீச்சரம்மா அப்படித்தான் பதினொரு மாதமும் வந்தார். சில வெள்ளிகளில் ஒரு சங்கீதம் படித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்பா கிறிஸ்தவர் அல்ல, ஆனால் டீச்சரம்மா வரும் நேரத்தில் இடது கையால் தலையணையைச் சரிசெய்யச் சொல்வார்.

போதகரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. நோயாளிக்காகச் சபையின் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கச் சொல்லும்படி யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அழைப்பது உங்கள் உரிமை. கத்தோலிக்கப் பங்குகளில் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயிற்பூசுதல் உண்டு. சாகப்போகிறவருக்கு மட்டும்தான் என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். கடும் நோயில் இருக்கும் யாரும் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம். மற்றவர்கள் பாடுவதன் நடுவில் உட்கார்ந்திருப்பதே போதும். திருவிருந்தைத் தவறவிடாதீர்கள். உங்கள் மனநிலை எப்படி இருந்தாலும் அங்கே அப்பம் உங்கள் கையில் வைக்கப்படுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது கையை நீட்டுவது மட்டுமே.

இனி, துன்பப்படுகிறவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே சரியானது அதுதான். வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. சாப்பாட்டு டப்பாவோடு போங்கள். காரணத்தோடு போகாதீர்கள்.

பயத்தில் செய்யக் கூடாதவை

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்தாதீர்கள். "மாத்திரையைத் தூக்கியெறிந்து விசுவாசத்தைக் காட்டு" என்று யார் சொன்னாலும், எத்தனை பெரிய மேடையில் நின்று சொன்னாலும் கேட்காதீர்கள். சுகம் கிடைக்கும் என்று சொல்லிக் காணிக்கை கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுப்பது அதைவிடக் கொடுமை. பேதுருவிடம் பணம் நீட்டி வல்லமையை வாங்கப் பார்த்த சீமோனுக்கு என்ன பதில் கிடைத்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள். நடுராத்திரிப் பீதியில் பொருத்தனை செய்யாதீர்கள். நேர்ச்சை நேர விரும்பினால் விடிந்தபின், வீட்டாரோடு பேசி, செய்ய முடிந்ததை நேர்ந்துகொள்ளுங்கள். உறவினர்களோடு மதச் சண்டைக்கு இது நேரமல்ல. "சாமியை மாற்றியதால்" என்ற பேச்சு வந்தால், "அப்பாவுக்கு இப்போது நீங்களும் வேண்டும், வாருங்கள்" என்று சொல்லி ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பேசியவர்தான் பிறகு இரவுக் காவலுக்கு அதிகம் வந்தார்.

துன்பம் நீண்டால்

பீரோக் கண்ணாடியில் இருந்த அட்டையை ஜூன் மாதம் கிழிக்கப் போனேன். கிழிப்பதற்கு முன் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. என் அட்டையில் இருந்த வசனத்துக்கு முந்தின வசனம் எழுபது ஆண்டு என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கு ஐந்தாம் வசனத்தில் கொடுக்கப்பட்ட வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். ஏழாம் வசனத்தில் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்.

அட்டையில் அச்சான வசனத்தை எப்போதும் அதன் அதிகாரத்தோடு படியுங்கள். சீக்கிரம் முடியும் என்று யாரும் எனக்கு வாக்களித்திருக்கவில்லை. முடியும்வரை வாழும்படி சொல்லப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் துன்பம் நீளும் என்று தெரிந்தால் நீங்களும் 'தோட்டம்' ஒன்று போடுங்கள். குழந்தைகளின் பிறந்தநாளைத் தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒரு மாலை துன்பத்தைப் பற்றிப் பேசாத மாலையாக இருக்கட்டும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் இரண்டு தொட்டியில் கீரை விதைத்தேன். உண்மையாகவே கீரை.

திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டு, பெரும்பாலும் ஒரே அறைக்குள் படுக்கையில் கழித்தார். அவருக்காக ஜெபிக்காத நாள் அங்கே இருந்திருக்காது. சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார், நோயுற்றவர்களுக்காகவும் எழுதினார். தன் கல்லறையில் பெயர்க் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியை வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

ஐந்தாம் வசனம் வராத இரவுகளுக்கு

எல்லாம் செய்தும் ஒன்றும் அசையாத இரவுகள் வரும். அப்பா போன பிப்ரவரி இரவு எனக்கு அப்படி. அதற்கென்று ஒரு சங்கீதம் வைத்திருக்கிறேன், 88. எஸ்ராகியனாகிய ஏமான் எழுதியது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை. எபிரெய மூலத்தில் இதன் கடைசிச் சொல்லே 'இருள்'. இதையும் ஆலயத்தில் பாடும் பாடலாகத் தொகுத்து, வேதத்துக்குள் வைத்து, யாரும் நீக்காமல் நம் கைவரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் இதன் முதல் வரியைப் பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". விளிப்பு இருக்கிறது. மற்றதெல்லாம் போனபின்னும் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது.

சிலுவையில் இயேசு, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் வாயிலும் புலம்பல்தான் இருந்தது.

அப்படிப்பட்ட இரவில் நோட்டை எடுக்க வேண்டாம். 88ஐ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். முடிந்ததும் வேறொரு வசனத்தைத் தேடிப் புரட்டாமல் புத்தகத்தை மூடுங்கள். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் படுங்கள். காலையில் எழுந்ததும், அந்த நாளுக்குரிய சங்கீதம் எதுவோ அதைப் படியுங்கள்.